எலியின் மூளையும் காந்தக் கண்ணும்

சாம்பல் நிறத்திலே மனித மூளையின் குறுக்குவெட்டு ஒன்று. அதன்மீது ஆங்காங்கே செம்மையும் மஞ்சளுமாய்ச் சுடரும் புள்ளிகள். அச்சத்தின் இருப்பிடம் இது, ஆசையின் இருப்பிடம் இது என்னும் விளக்கங்கள். இத்தகைய படங்களைப் பத்திரிகைகளிற் காணாத வாசகர் இன்று அரியர். சிந்தனையையே படம்பிடிக்கும் கருவியை விஞ்ஞானம் ஆக்கிவிட்டது என்ற எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. மனத்தை உடலினின்றும் வேறானதொரு மாயப் பொருளாகக் கொண்ட பழைய மயக்கத்தை இப்படங்கள் தகர்த்துவிட்டன என மகிழ்வோரும் உளர். அம்மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆயின் ஒரு மயக்கத்தைக் களைந்த இடத்திலே மற்றொரு மயக்கத்தை நட்டுவிடலாகாது.

எம்.ஆர்.ஐ. எனப் பொதுவாக வழங்கும் காந்தப் பரிவுப் படமாக்கல், மூளையின் தொழிற்பாட்டைக் காட்டுகிறது என்று சொல்லப்படும்போது, அது நேராகக் காண்பது குருதியின் நிலையையே. ஒட்சிசனை இழந்த குருதி எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்பதே அக்கருவிக்குத் தெரியும். மற்றவை யாவும் மனிதரின் ஊகம். இவ்வழி முதன்முதலில் திறந்தது 1990ஆம் ஆண்டில், எலிகளின் மூளையிலே. அவ்வெலிகளின் கதையை முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றோடு இணைத்து நோக்குவோமாயின், இப்படங்களை எவ்வளவுக்கு நம்பலாம், எவ்விடத்தில் ஐயுற வேண்டும் என்பது புலனாகும். அதனை முயல்வதே எமது நோக்கம்.

* * *

மூளை வேலை செய்யும்போது அங்கே குருதியோட்டம் மாறுகிறது என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. இத்தாலியில் அஞ்சலோ மொசோ என்ற உடற்றொழிலியலாளர், தலையோட்டிற் காயமுற்ற விவசாயி ஒருவரின் மூளைத் துடிப்பைப் பதிவுசெய்து வந்தார். நண்பகலில் தேவாலய மணி ஒலித்தபோது, உடலின் ஏனைய பாகங்களிலே மாற்றமின்றியிருக்க, மூளையின் துடிப்பு மட்டும் உயர்ந்ததை அவர் கண்டார். 1890இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சார்ள்ஸ் ரோயும் சார்ள்ஸ் ஷெரிங்டனும் விலங்குகளில் நடத்திய சோதனைகளைக் கொண்டு, மூளையின் எப்பகுதி தொழிற்படுகிறதோ அப்பகுதிக்கே குருதி மிகுதியாகச் செல்லும் ஏற்பாடு மூளைக்குள்ளேயே அமைந்துள்ளது என்று எழுதினர். ஆனால் அதனை மூளையைத் திறவாமற் காணும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

அவ்வழியின் ஒரு நுனி வேறோரிடத்திலே கிடந்தது. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகங் கட்டும் கடையிலே தொழில் பழகி, அங்கு கட்டுதற்கு வந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானியான மைக்கேல் பரடே, 1845இல் லண்டனிலே, கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் காந்தத்தின் முன் வைத்துச் சோதித்து வந்தார். உலர்ந்த குருதியும் அவற்றுள் ஒன்று. குருதியிலே இரும்பு உண்டு; எனவே காந்தம் அதனை ஈர்க்கும் என எதிர்பார்த்திருக்கலாம். அது ஈர்க்கப்படவில்லை. உடலினின்றும் புதிதாய் எடுத்த குருதியையும் சோதிக்க வேண்டுமெனத் தமது குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்தார்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தே அக்குறிப்புக்கு விடை கிடைத்தது. 1936இல் கலிபோர்னியாவிலே லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியெலும், ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை எனவும், ஒட்சிசனை இறக்கிவிட்ட ஈமோகுளோபினை ஈர்க்கிறது எனவும் நிறுவினர். இரும்பு ஒன்றேதான், அதனைச் சூழ்ந்த இலத்திரன்களின் ஒழுங்கே மாறுகிறது. ஒட்சிசன் சேர்ந்திருக்கும்போது இலத்திரன்கள் சோடி சோடியாக அடங்கியுள்ளன; ஒட்சிசன் நீங்கியதும் அவற்றுட் சில சோடியின்றி நின்று சிறு காந்தங்களாகத் தொழிற்படுகின்றன. பிற்காலத்திலே அணுகுண்டுச் சோதனைகளுக்கெதிராகக் கையொப்பம் திரட்டி, 1962ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசைப் பெற்ற அதே போலிங்தான் இவர் என்பதை வாசகர் அறிவர். இவ்வாய்வு மூளையைப் படமெடுக்க உதவும் என அன்று எவரும் கருதியிருக்க மாட்டார்.

* * *

மற்றொரு நுனி பௌதிகவியலிலே இருந்தது. ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தன் நுண்ணிய காந்தம் போன்றது. வலிய காந்தப்புலத்தில் அதனை வைத்துத் தகுந்த அதிர்வெண்ணையுடைய வானொலி அலையைச் செலுத்தினால், ஊஞ்சலைத் தாளந் தவறாது தள்ளினாற்போல, அது அவ்வலையை ஏற்று மீண்டும் வெளியிடும். இதுவே பரிவு. 1938இல் ஐசிடோர் ரபி இதனைக் காட்டினார். 1946இல் பீலிக்ஸ் புளொக், எட்வேட் பேர்செல் ஆகியோரின் இரு குழுக்கள், நீரிலும் மெழுகிலுங்கூட இதனைக் கேட்டறியலாம் என வெளியிட்டன. இவ்விருவரும் போர்க்காலத்திலே ராடார் சார்ந்த ஆய்வுகளில் ஈடுபட்டவர்கள். பகை விமானத்தைத் தேடும் அவசரத்திலே வளர்ந்த வானொலி நுட்பம், போர் முடிந்ததும் அணுவின் கருவைக் கேட்கும் செவியாயிற்று. அந்நுட்பத்துக்குப் பொதுமக்களின் வரிப்பணமே முதலாய் அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

உயிருடல் பெரும்பாலும் நீராலானது, நீரெங்கும் புரோத்தன்கள். 1971இல் ரேமண்ட் டமேடியன், எலிகளின் புற்றுக்கட்டியிலிருந்து வரும் பரிவு நல்ல இழையத்தினின்றும் வேறுபடுவதைக் காட்டினார். 1973இல் போல் லோட்டர்பர், காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றிவைத்து, பரிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு, நீர் நிறைந்த இரண்டு நுண்குழாய்களின் படத்தை ஆக்கினார். நொட்டிங்காமிலே பீற்றர் மான்ஸ்பீல்ட், முழுப்படத்தையும் கண்ணிமைப் பொழுதில் எடுக்கும் முறையை 1977இல் முன்வைத்தார். பதினைந்தாம் வயதிலே பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குச் சென்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளை அவர். பரடே புத்தகங் கட்டினார்; மான்ஸ்பீல்ட் அச்சகத்தில் உழைத்தார். உழைப்பாளரின் பிள்ளைக்கு விஞ்ஞானம் எட்டாது என்று சொல்லும் எவரும் இவ்விரு பெயர்களையும் நினைவு கூர்தல் நன்று. லோட்டர்பரும் மான்ஸ்பீல்டும் 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். டமேடியன் விடுபட்டமை குறித்துப் பத்திரிகை விளம்பரங்கள் வாயிலாகவே பூசல் எழுந்தது. இத்தனை கைகளால் நெய்யப்பட்ட ஆடைக்கு ஒன்றிரண்டு பேரை மட்டும் உரியவராக்க முயலும் பரிசு முறையின் இயல்பான விளைவு அது.

* * *

இவ்விரு நுனிகளையும் முடிச்சிட்டவர் செயிஜி ஒகாவா. 1934இல் தோக்கியோவிற் பிறந்து, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்று, 1968இல் நியூ யேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்தவர். தொலைபேசிக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில் ஈமோகுளோபினை ஆராய்பவருக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அமெரிக்காவின் தொலைபேசிச் சேவை நெடுங்காலம், அரசின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ஏகபோகமாய் ஒரே கம்பனியின் கையில் இருந்தது. ஊரார் செலுத்திய கட்டணத்தின் ஒரு பகுதி, உடனடி இலாபம் எதிர்பாராத அடிப்படை ஆராய்ச்சிக்குச் சென்றது. 1984இல் அவ்வேகபோகம் உடைக்கப்பட்ட பின்னரும் அம்மரபு சிலகாலம் நீடித்தது. ஒகாவாவின் சோதனை அம்மரபின் அந்திப் பொழுதிலே நிகழ்ந்தது. அடுத்த காலாண்டின் இலாபத்தை மட்டுமே கணக்கிடும் நிறுவனத்தில், எலியின் மூளையிலே கருங்கோடுகளைத் தேடிக்கொண்டிருக்க ஒருவருக்கு அவகாசம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

சோதனையை நோக்குவோம். எலிகளும் சுண்டெலிகளும் மயக்க மருந்தின்கீழ் வைக்கப்பட்டன. பயன்பட்ட காந்தங்கள் 7 தெஸ்லாவும் 8.4 தெஸ்லாவும் வலிமையுடையவை. பூமியின் காந்தப்புலத்திலும் ஓரிலட்சம் மடங்குக்கு மேற்பட்டவை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 65 மைக்கிரோமீற்றர் அகலமுடையது. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். எலியின் மூளையோ இரண்டு கிராம் அளவினது. அச்சிறு மூளையின் படத்திலே, பருமன் வேறுபட்ட கருங்கோடுகள் எண்ணற்றவையாய்த் தோன்றின. வழக்கமான படமெடுக்கும் முறையில் அவை தோன்றவில்லை. காந்தப்புலத்தின் சிறு குழப்பத்தையும் உணரவல்ல வேறொரு முறையிலேயே தோன்றின.

அவை குருதிக் குழாய்கள் எனக் கண்டபின், ஏன் கருமையாயின என்ற வினா எழுந்தது. ஒட்சிசனின்றி இறந்த விலங்கின் மூளையிலே கோடுகள் மிகத் தடித்துத் தெரிந்தன. ஈமோகுளோபினை ஒட்சிசனோ காபனோரொட்சைட்டோ பற்றியிருந்தபோது அவை மறைந்தன. ஒட்சிசனற்ற குருதி தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைக் குலைக்கிறது. அருகிலுள்ள நீரின் புரோத்தன்கள் தாளந் தவறுகின்றன. அவ்விடத்துப் பரிவு மங்குகிறது. குருதியைக் குழாயில் அடைத்து நீர்மத்தில் வைத்துச் சோதித்தபோதும் அதுவே நிகழ்ந்தது. பரடே எழுதி வைத்த வினாவுக்குப் போலிங் கண்ட விடை இங்கே படமாய் எழுந்துநின்றது.

ஒகாவா அத்துடன் நிற்கவில்லை. அதே ஆண்டில் அவரும் தோழரும் எலிகள் சுவாசிக்கும் வாயுவை மாற்றிப் பார்த்தனர். காபனீரொட்சைட்டைக் கலந்தபோது மூளைக்குக் குருதி பெருகிப் பாய்ந்தது, கோடுகள் மங்கின. மயக்க மருந்தின் அளவை மாற்றினர். இன்சுலினால் குருதியின் வெல்லத்தைக் குறைத்தனர். மூளை ஒட்சிசனைச் செலவிடும் அளவுக்கும் குருதி அதனைக் கொண்டுவரும் அளவுக்கும் உள்ள வேறுபாடு மாறுந்தோறும் கோடுகளும் மாறின. வெளியிலிருந்து சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தாமல், உடலில் இயல்பாகவே உள்ள பொருளைக் கொண்டு மூளையின் தொழிற்பாட்டைத் தொடரலாம் என அவர்கள் முடிவு செய்தனர். இரண்டு ஆண்டுகளுக்குள், 1992இல், பொஸ்ரன், மினசோட்டா, மில்வோக்கி ஆகிய மூன்றிடங்களிலிருந்தும், விழித்திருக்கும் மனிதரின் மூளையிலே இதனைக் கண்ட செய்திகள் வெளிவந்தன. மினசோட்டாக் குழுவில் ஒகாவாவும் இருந்தார்.

* * *

இங்கு ஒரு முரண்பாட்டை விளக்குதல் அவசியம். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அது ஒட்சிசனை அதிகமாகச் செலவிடும்; எனவே ஒட்சிசனற்ற குருதி அங்கே பெருகிப் படம் மங்க வேண்டும். நடப்பதோ மறுதலை, படம் சற்றே ஒளிர்கிறது. இதன் காரணம் 1986இல் பீற்றர் பொக்ஸ், மார்க்கஸ் றெய்ச்சில் ஆகியோர் கதிரியக்க முறையால் அளந்த அளவுகளில் இருந்தது. கையிலே அதிர்வைத் தூண்டியபோது, மூளையின் உரிய பகுதியில் குருதியோட்டம் 29 வீதம் உயர்ந்தது. ஒட்சிசன் செலவு 5 வீதமே உயர்ந்தது. அதாவது தேவைக்கு மிஞ்சிய ஒட்சிசன் அங்கே வந்து குவிகிறது. நாம் படத்திற் காணும் சுடர் இந்த மிகுதியின் அடையாளம். நரம்புக்கலம் ஆயிரத்திலொரு செக்கனில் துடித்து ஓய்கிறது. குருதியின் மாற்றம் அதன்பின் சில செக்கன்கள் கழித்தே உச்சமடைகிறது. தொழிற்சாலையில் நடப்பதை அதன் வாசலுக்கு வந்துபோகும் வண்டிகளை எண்ணி ஊகிப்பதற்கு இஃது ஒப்பாகும். ஊகம் பயனற்றதன்று. ஆனால் வண்டிகளின் கணக்கைத் தொழிலின் கணக்கென்று கூறலாகாது.

இவ்வெச்சரிக்கையைச் சந்தை விரும்பவில்லை. பொய்யைக் கண்டறிவோம், வாங்குவோரின் விருப்பத்தை மூளையிலே படிப்போம் என்று கூறி வணிக நிறுவனங்கள் தோன்றின. 2010இல் அமெரிக்காவின் தெனிசி மாநிலத்தில் கூட்டாட்சி நீதிமன்றமொன்று, குற்றஞ்சாட்டப்பட்டவர் உண்மையே பேசினார் எனக் காட்டக் கொணரப்பட்ட மூளைப்படச் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. விஞ்ஞானிகளிடையிலும் தற்சோதனை எழுந்தது. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இறந்த சமன் மீனொன்றைக் கருவியில் வைத்து, மனிதரின் படங்களை அதற்குக் காட்டி, புள்ளிவிபரத் திருத்தஞ் செய்யாமற் கணக்கிட்டபோது, அம்மீனின் மூளையும் 'தொழிற்படுவதாக' முடிவு வந்தமையை எடுத்துக்காட்டினர். பல்லாயிரம் புள்ளிகளை ஒருங்கே சோதிக்கையில், தற்செயலாகவே சில ஒளிரும் என்பதை உணர்த்துதற்கு அம்மீன் போதுமாயிற்று.

* * *

படத்தைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய இடம் எது? மனிதரின் மூளைக்குள் விரும்பியவாறு மின்வாயைச் செலுத்தவோ, நரம்புக்கலங்களைத் தூண்டவோ முடியாது. எனவே ஆராய்ச்சி மீண்டும் எலியிடமே திரும்பியது. 1994இல் யேல் பல்கலைக்கழகத்தார், மயக்கத்திலுள்ள எலியின் முன்னங்காலை மின்னால் தூண்டி, மூளையில் அதற்குரிய சிறு பகுதி ஒளிர்வதைக் கண்டனர். 2010இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார், ஒளிபட்டால் துடிக்கும்படி மரபணுவால் மாற்றப்பட்ட நரம்புக்கலங்களை எலியின் மூளையிலே ஒளியால் தூண்டினர். குருதிச் சமிக்ஞை தோன்றியது. தூண்டும் வகை நரம்புக்கலங்களின் தொழிற்பாடே இச்சமிக்ஞையை எழுப்பவல்லது என்பது அதனால் நேராகக் காட்டப்பட்டது. ஒகாவாவின் ஊகத்துக்குக் கிடைத்த பெரும் சான்று இதுவாகும்.

ஆயின் எலியும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. கருவியினுள் அது அசையக் கூடாது, எனவே மயக்குகிறார்கள். மயக்க மருந்தோ நரம்புக்கலத்தையும் மாற்றுகிறது, குருதிக் குழாயையும் மாற்றுகிறது. மருந்துக்கு மருந்து விளைவும் வேறுபடுகிறது. மயக்காது கட்டிவைத்தாலோ, கருவியின் பேரிரைச்சலில் அச்சமுற்ற எலியின் மூளையையே காண்கிறோம். இதனாற் பல ஆய்வுகூடங்களிலே எலிகளைப் பல நாட்கள் சிறிது சிறிதாகக் கருவிக்குப் பழக்கி, விழிப்பிலேயே படமெடுக்கும் முறை வளர்ந்து வருகிறது. கட்டுண்ட உயிரிடம் பெற்ற முடிவைச் சுதந்திரமாய் உலாவும் உயிருக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதை ஆராய்ச்சியாளரே உணர்ந்து தம்மைத் திருத்திக்கொள்ளும் முயற்சி இது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றும் இங்கு கூறத்தக்கது. குருதியை இடைத்தரகாய்க் கொள்ளாமல் நரம்பின் துடிப்பையே நேராகப் படமெடுத்தோம் என, மயக்கத்திலுள்ள சுண்டெலிகளில் நடத்திய சோதனையை முன்வைத்து, தென் கொரிய ஆய்வாளர் 2022இல் அறிவித்தனர். உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. பிற ஆய்வுகூடங்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தன. அச்சமிக்ஞை தமக்குக் கிட்டவில்லை என்பதை 2024இல் அவை விளக்கமாக வெளியிட்டன. ஆரவாரத்துக்குச் சில நாட்கள் போதும். மெய்ப்பிக்க ஆண்டுகள் வேண்டும். பத்திரிகைகள் முதலாவதைப் பெரிதாக அச்சிடுகின்றன. வாசகர் இரண்டாவதைத் தாமே தேடிச் செல்லவேண்டியுள்ளது.

* * *

இக்கதையிலே பெயர் பெறாதோர் பலர். ஆய்வுகூட எலிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சிற்றூரொன்றில், ஆசிரியத் தொழிலை விட்டிருந்த அபி லத்ரப் என்ற பெண்மணி, கோழி வளர்ப்புக் கைகூடாமற் போகவே, அழகுக்காக வளர்க்கப்படும் சுண்டெலிகளைப் பெருக்கி விற்கத் தொடங்கினார். ஆய்வுகூடங்களும் அவரிடம் வாங்கின. அவரது சுண்டெலிகளின் வழிவந்ததே 1921இல் உருவாக்கப்பட்ட கருநிற இனம். இன்றும் மூளை ஆராய்ச்சியில் மிகப் பரவலாகப் பயன்படுவது அதுவே. அந்த ஆசிரியையும், கூடுகளைத் துப்புரவு செய்த பணியாளரும், தம் உயிரையே தந்த விலங்குகளும் இன்றி மேற்கூறிய பரிசுகளுள் ஒன்றேனும் இல்லை.

ஆசிரியர்களாகிய எமக்கு இவ்வரலாற்றிலே சிறப்பான அக்கறை உண்டு. ஏழைப் பிள்ளை பின்தங்கினால், 'அவனது மூளை அப்படி' என்று கூறி அமைதியடைவது எளிது. முன்பு விதியென்றனர், பின்பு பரம்பரையென்றனர், இன்று படத்தைக் காட்டுகின்றனர். 2011இல் கனடாவின் ரொறன்ரோ நகர ஆய்வாளர் வெளியிட்ட முடிவொன்று இதற்கு விடையாகும். ஒரே இனத்துச் சுண்டெலிகளை ஐந்து நாட்கள் நீரிலமைந்த புதிரிலே வழிகாணப் பழக்கி, பின் அவற்றின் மூளைகளைக் காந்தப் பரிவு முறையாற் படமெடுத்தனர். இடத்தை நினைவிற்கொண்டு வழி கண்டவற்றிலே மூளையின் ஒரு பகுதி பருத்திருந்தது; அடையாளக் குறியைப் பின்பற்றப் பழகியவற்றிலே வேறொரு பகுதி பருத்திருந்தது. இங்கு அளக்கப்பட்டது தொழிற்பாடன்று, வடிவமே, சுண்டெலி மனிதனுமன்று. எனினும் மூளை முடிந்த முடிவான பொருளன்று, வாழ்க்கையும் பயிற்சியும் அதனை ஆக்குகின்றன என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. ஐந்து நாட் பயிற்சி சுண்டெலியின் மூளையிலே தடம் பதிக்குமாயின், பசியும், நெரிசல் மிக்க வகுப்பறையும், புத்தகமில்லா வீடும் பிள்ளையின் மூளையைத் தொடாதிருக்குமா?

எனவே அடுத்தமுறை ஒளிரும் மூளையின் படத்தைக் காணும்போது சில கேள்விகளைக் கேட்போம். இங்கே அளக்கப்பட்டது யாது? எத்தனை பேரில், எத்தகைய நிலையில் அளக்கப்பட்டது? பிறர் அதனைத் திரும்பச் செய்து கண்டனரா? இம்முடிவால் இலாபமடைபவர் எவர்? இக்கேள்விகளை மாணவர்க்குப் பழக்குவதற்கு விலையுயர்ந்த காந்தம் எதுவும் வேண்டியதில்லை. புதிய குருதியையும் சோதிக்க வேண்டும் என்று பரடே எழுதிவைத்த அந்த ஒரு வரியில் இருந்த மனப்பான்மை போதும்.